மஸ்லின் துணிக்குள் வைத்த இரும்பு

அப்பாவின் உளிகளில் ஆறு என்னிடம் இருக்கின்றன. நாகர்கோவிலில் நாற்பது வருஷம் அவர் கையில் இருந்தவை. தேங்காயெண்ணெய் தோய்ந்த ஒரு பழந்துணியைத் தவிர வேறு எந்தப் பராமரிப்பும் அவற்றுக்குக் கிடையாது. வட இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த முதல் குளிர்காலத்திலேயே ஆறும் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டன. கூரை ஒழுகவில்லை, ஜன்னல் உடையவில்லை. வீட்டோடு ஒட்டாத கராஜ், உள்ளே ஹீட்டிங் கிடையாது, அவ்வளவுதான். குளிர்தான் காரணம்னு நினைத்து ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்கி வைத்தேன். பிப்ரவரியில் லேத்தின் பெட்டும் போச்சு.

நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்று தேடப் போய்த்தான் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் என்ற பெயர் கண்ணில் பட்டது. 1920களில் லண்டனில், காற்று உலோகங்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவர் செய்த ஒரு சோதனை ரொம்ப எளிமையானது. அறைக்குள் சில இரும்புத் துண்டுகளைத் திறந்தபடி வைத்தார். இன்னும் சிலவற்றைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துணியால் ஒரு கூண்டு கட்டினார். மஸ்லின் காற்றையும் தடுக்காது, ஈரத்தையும் தடுக்காது. ஆனால் சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் வெளியே இருந்தவை துருவேறிக் கிடந்தன, கூண்டுக்குள் இருந்தவை பளிச்சென்று இருந்தன. துணி தடுத்தது தூசியை மட்டும்தான்.

அன்றைய லண்டன் தூசி என்றால் நிலக்கரிப் புகையின் தூசி. அடுத்த சில வருஷங்கள் வெர்னன் இதையே துரத்தினார். 1935இல் வந்த அவருடைய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சுத்தமான காற்றில், ஈரப்பதம் 100 சதவீதத்தை நெருங்கும்வரை இரும்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதே காற்றில் 0.01 சதவீதம் கந்தக டை ஆக்ஸைடு கலந்ததும் கதை மாறியது. ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை துரு மெதுவாகவே வந்தது, அதைத் தாண்டியதும் கோடு செங்குத்தாக ஏறிவிட்டது. கரித்தூள் அந்த வாயுவைப் பிடித்து இரும்பின் மேல் உட்கார வைக்கிறது. அம்மோனியம் சல்பேட் துகளோ காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. மழையே படாத இடத்தில் துரு வருவதற்கு இதுபோதும்.

இதைப் படித்த பிறகுதான் என் ஹீட்டர் செய்த வேலை புரிந்தது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் அத்தனையும் அறைக்குள்ளேயே. காற்று சீக்கிரம் சூடாகிவிடும், நூற்றுக்கணக்கான கிலோ வார்ப்பிரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். 10 டிகிரிக்குச் சற்றுக் கீழே குளிர்ந்து கிடக்கும் எந்தப் பொருள் மீதும் பனித்துளி படியும். என் லேத் 5 டிகிரியில் இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்க்குமே, அதே சங்கதி. குளிர் விட்டு ஈரமான மேற்குக் காற்று திடீரென்று வீசும் நாட்களில் ஹீட்டர் இல்லாமலே இது நடக்கும். நாகர்கோவிலிலும் காற்றில் ஈரம் குறைவில்லைதான். ஆனால் அங்கே உளியும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தன, தினமும் கையும் எண்ணெயும் பட்டன.

அப்படியானால் அறையைச் சூடாக்காமலே இரும்பைக் காப்பாற்ற முடியுமா? இதற்குப் பெரிய அளவில் பதில் சொன்னது அமெரிக்கக் கடற்படை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நூற்றுக்கணக்கான கப்பல்களை ஓரங்கட்ட வேண்டியிருந்தது. கிரீஸும் பெயிண்டும் மட்டும் போதாது என்று, கப்பலின் உட்பகுதியை அடைத்து, ஈரமகற்றும் இயந்திரங்களை ஓடவிட்டு, உள்ளே ஈரப்பதத்தை 30 சதவீதம் அளவில் வைத்தார்கள். சூடாக்கவில்லை, உலர்த்தினார்கள். நியூ ஜெர்சி என்ற போர்க்கப்பல் 1948இல் இப்படித் தூங்கப் போனது, கொரியப் போருக்காக 1950 நவம்பரில் மறுபடி பணிக்கு வந்தது. அதன் இயந்திர அறையை நினைத்துக்கொண்டு என் கராஜைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

கருவிப் பெட்டிக்குள் ஒரு கற்பூரக் கட்டியைப் போட்டு வைப்பது மேலைநாட்டு மெஷினிஸ்டுகளின் பழைய பழக்கம். நாம் சாமிக்குக் காட்டும் அதே கற்பூரம்தான். ஆவியாகிப் பரவி இரும்பின் மேல் படியும் என்பது நம்பிக்கை. எவ்வளவு பலிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் யோசனை சரியானதுதான். 1940களில் ஷெல் நிறுவனம் ஆவியாகித் துருவைத் தடுக்கும் ஒரு நைட்ரைட் உப்பை உருவாக்கியது, அதைத் தடவிய தாளில் உதிரிப் பாகங்களைச் சுற்றி அனுப்பினார்கள்.

நான் செய்தது இதைவிடச் சின்ன வேலை. இடுக்குகளை அடைத்த ஒரு மர அலமாரி, அடித்தட்டில் மிகக் குறைந்த வாட் மின்சாரக் குழாய் ஹீட்டர். வெளிக்காற்று 5 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றாலும், அலமாரிக்குள் 12 டிகிரிக்கு ஏற்றினால் அதே காற்று 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மின்சாரம் எரிந்து தண்ணீரைக் கக்காது. வெர்னனின் கோட்டுக்குக் கீழே வந்தாயிற்று. லேத்துக்கு எண்ணெய் பூசி, தூசி படாமல் பருத்திப் போர்வை. பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

உளிகளைத் தேய்த்தேன். ஐந்து தேறிவிட்டன. ஆறாவதன் முதுகில் மட்டும் குண்டூசி முனை அளவு குழிகள். கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் ஒரு சொட்டு உப்புநீரை இரும்பின் மேல் வைத்துக் காட்டியது இதைத்தான். சொட்டின் நடுவில் ஆக்ஸிஜன் குறைவு, அங்கேதான் இரும்பு கரைகிறது. துருவோ சற்றுத் தள்ளி வளையமாகப் படிகிறது. வளையத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், நடுவில் போன இரும்பு போனதுதான். அந்தக் குழி வெட்டும் விளிம்புவரை வந்துவிட்டதால் அந்த உளி இப்போது மெல்லிய வேலைக்கு ஆகாது. பெயிண்ட் டப்பா திறக்க வைத்திருக்கிறேன்.