பல்லில் இல்லாத பல்வலி

தச்சநல்லூர்ல ஒருத்தருக்குக் கன்னத்துல கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு வலிச்சா முதல்ல எங்க போவார்? ஜங்ஷன் பக்கம் பல் டாக்டர்கிட்டதான். சில நேரம் நல்ல பல்லும் போகும், வலி போகாது.

இது பழைய கதை. 1756-ல் நிக்கோலா ஆந்த்ரேங்கிற பிரெஞ்சு சர்ஜன் இந்த வலிக்குப் பேர் வைத்தார். 1773-ல் லண்டனில் ஜான் ஃபாதர்கில் விவரமா சொன்னார். சோறு மெல்லுறது, பல் தேய்க்கிறது போதும், சில நொடி வெட்டிட்டுப் போயிடும். குறுக்குத்துறையில முங்கி எழுந்ததும் முகத்துல படுற காத்துகூட ஆகாது.

பெரும்பாலும் 50 வயசு தாண்டினவங்களுக்கு, ஒரு ரத்தக்குழாய் முகத்தோட உணர்வு நரம்பை அழுத்துறதால வரும். ஆனா சின்ன வயசுல, அதுவும் ரெண்டு பக்கமும் வந்தா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கான்னு பார்க்கணும். சுருக்கமா எம்எஸ். உடம்போட எதிர்ப்புசக்தியே நரம்பு மேல இருக்கிற மயலின் உறையை அரிக்கிற நோய். இன்சுலேஷன் உரிஞ்ச வயர்னு வச்சுக்கோங்க. பிரான்சில் ஷார்கோ 1868-லேயே இதை விளக்கினார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் டாக்டர் ஓப்பன்ஹைம், முகவலி இருந்த எம்எஸ் நோயாளியின் மூளையில், அந்த நரம்பு நுழையும் இடத்திலேயே தழும்பைக் காட்டினார். அப்புறமும் எம்எஸ் வலிக்காத நோய்ங்கிற எண்ணம் ரொம்ப காலம் ஓடுச்சு. தலைவலி இன்னும் குழப்பம்: எம்எஸ் உள்ளவங்ககிட்ட மைக்ரேன் அதிகம் தென்படுது, காரணம் எம்எஸ்தானான்னு இன்னும் விவாதம்.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல். வெயில் நாட்டுல எம்எஸ் அபூர்வம்னு நினைச்சாங்க. இல்லாத நோயை யார் தேடுவாங்க? மும்பை பார்சிகள்கிட்ட நடந்த ஆய்வுகளும், எம்ஆர்ஐ வந்ததும்தான் அந்த நினைப்பை அசைச்சது.

1962-ல் வலிப்பு மாத்திரை கார்பமசெபின் இந்த முகவலிக்குக் கேட்குதுன்னு ஸ்வீடன்ல இருந்து ஒரு ரிப்போர்ட் வந்தது. இன்னிக்கும் முதல் மாத்திரை அதுதான். ஆனா தலைசுற்றல், தள்ளாட்டம் கொடுக்கும். எம்எஸ்ஸே முத்திடுச்சோன்னு பயமுறுத்தும்.

1985-ல் மும்பையில் ரஹ்மத் ஃபாசில்பாய், தானும் எம்எஸ்ஸோட இருந்துகிட்டே, இந்திய எம்எஸ் சொசைட்டியைத் தொடங்கினார். 1995 ஊனமுற்றோர் சட்டத்தோட 7 பிரிவுல எம்எஸ் இல்லை. 2016 சட்டத்தோட 21-ல் வந்துடுச்சு. ஒதுக்கீடு மாதிரியான சலுகைக்கு 40 சதவீத ஊனம்னு சர்டிபிகேட் வேணும். நடை தடுமாறினா கண்ணுக்குத் தெரியும். கன்னத்துல வெட்டுற அந்த நாலு நொடி, டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது வருமா என்ன?