பிள்ளையோடு சேர்ந்து வளரும் மனநோய்: ஒரு வரலாற்றுப் பார்வை

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்க் பகுதியில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளநலத்துக்கு ஒரு பகுதியுமாக ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை இயற்றினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றை அதில் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமின்றி வந்து கவியும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். உள்ளமும் நோயுறும், அதற்கும் மருத்துவம் உண்டு என்பது நம் மரபுக்குப் புதிய செய்தியன்று.

ஆயினும் ஒரு கேள்வி நெடுங்காலம் விடையின்றி நின்றது. சிறுவயதில் தோன்றும் மனநோய், பிள்ளை வளர்ந்தபின் என்னவாகிறது? வளர்ந்தவரிடம் இளமையைப் பற்றிக் கேட்டறிவதில் நினைவு பிழைபடும். சிறுவயது முதலே பின்தொடர்ந்தால்தான் உண்மை புலப்படும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லீ ராபின்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் இம்முயற்சியில் இறங்கினார். குழந்தைகள் மனநல மருத்துவமனைக்கு முன்பு அழைத்து வரப்பட்டிருந்த 524 பேரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கண்டறிந்து, 1966-இல் முடிவுகளை நூலாக்கினார். கொடிய நடத்தையுள்ள பெரியவர்கள் பெரும்பாலும் சிறுவயதிலும் அவ்வாறே இருந்தனர். ஆனால், அத்தகைய பிள்ளைகளுள் பெரும்பாலோர் அப்படிப்பட்ட பெரியவர்களாக ஆகவில்லை. ‘இவன் உருப்படமாட்டான்’ என்று முத்திரை குத்துவோர் கவனிக்க வேண்டிய உண்மை இது.

பின்னர் நியூசிலாந்தின் டுனிடின் நகரில், 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்த 1,037 பிள்ளைகளை ஆய்வாளர்கள் மூன்று வயது முதல் பின்தொடர்ந்தனர். 2020-இல் வெளியான முடிவுகளின்படி, பதின்பருவம் முடிவதற்குள் 59 விழுக்காட்டினருக்கும், 45 வயதுக்குள் 86 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒரு காலத்தில் மனநலக் கோளாறு இருந்தது. ஒரே நோயோடு நின்றவர்கள் குறைவு. அச்சத்தில் தொடங்கியது சோர்வாக மாறுவதும், அடங்காத நடத்தையில் தொடங்கியது வேறொரு நோயாக மாறுவதும் உண்டு. நோய் இளவயதில் தொடங்கியவர்களைப் பின்னாளில் பலவகைக் கோளாறுகள் மீண்டும் மீண்டும் தீண்டின.

பருவத்துக்குப் பருவம் நோயின் உருவம் மாறுகிறது. தாயைப் பிரிய அஞ்சுதலும் துறுதுறுப்பும் கவனமின்மையும் குழந்தைப் பருவத்தில் மிகுதி. வளர வளர ஓட்டமும் குதிப்பும் அடங்கினாலும், கவனச்சிதறல் பலரிடம் எஞ்சி, அலுவலிலும் இல்லறத்திலும் இடர் தருகிறது. பதின்பருவத்தில் மனச்சோர்வு பெருகுகிறது. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம் இது கூடுதல். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது.

இதில் நம் குடும்பங்களுக்கு இரண்டு செய்திகள் உள்ளன. ‘வயது வந்தால் சரியாகிவிடும்’, ‘நிக்காஹ் முடித்து வைத்தால் தெளிந்துவிடும்’ என்று காத்திருத்தல் நன்றன்று. காத்திருக்கும் காலத்தில் நோய் உருமாறக்கூடும். மறைத்து முடிக்கும் திருமணமோ இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வையும் துயரில் ஆழ்த்தும். அதுபோலவே, சிறுவயதில் சொல்லப்பட்ட நோயின் பெயரை ஆயுள் முழுதும் ஒருவர் நெற்றியில் எழுதி வைப்பதும் நீதியன்று. பாதிப்புற்றோர் விதிவிலக்கல்லர், பெரும்பான்மையினர் என்பதை டுனிடின் காட்டியபின், வெட்கத்துக்கு இங்கே என்ன இடம்?

பிள்ளைக்காகத் துஆச் செய்யும் கரங்களே அவனை மருத்துவரிடமும் அழைத்துச் செல்லட்டும். மருந்து தேடுவதும் நபிவழியே. நம் மக்களின் உள்ளங்களுக்கு வல்ல அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.