வானத்தில் அஞ்சு மணித்தியாலம், றோட்டில் ஒரு ராவு

கல்முனையில் இருந்து கட்டாருக்குப் போய்வந்த ஆரிடமும் கேட்டுப் பாருங்க. பிளேனில் இருந்தது அஞ்சு மணித்தியாலம் அளவுதான், கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரத்தான் ஒரு முழு ராவு போச்சு என்பார். கட்டுநாயக்காவில் இருந்து தோஹா ஏறத்தாழ 3,700 கிலோமீற்றர். கல்முனையில் இருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் பார்த்தால் 215 கிலோமீற்றர் வாக்கில்தான் வரும். நடுவில் மலைநாடு நிக்குது, பஸ் வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும்.

மலை மட்டுமில்ல, யுத்தமும் பயணத்தை இப்படி இழுத்து நீட்டியிருக்கிறது. அதில் ஒரு கதை தெற்கே கொக்கல வாவியில் நடந்தது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழ, பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி யுத்தம் எங்கட கடலுக்கே வந்தது. பிரித்தானியரின் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலையும், கூட வந்த அவுஸ்திரேலியாவின் 'வம்பயர்' நாசகாரியையும் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. ஹேர்மிஸ் இன்னும் அங்கேதான் கடலடியில் கிடக்கிறது.

அறுந்த வழியைத் திரும்ப முடிய, 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரத்துக்கும் கொக்கலவுக்கும் இடையில் கற்றலினா விமானங்களை ஓட்டத் தொடங்கியது. ஓடுபாதை தேவையில்லை. சுவான் ஆற்றில் எழும்பி, வாவியில் வந்து இறங்கும். தூரம் 5,650 கிலோமீற்றர் அளவு, நடுவில் எங்கேயும் தரிப்பு இல்லை. எரிபொருளே பாரத்தைத் தின்றுவிட்டதால் மூன்று பயணிகளையும் 69 கிலோ கடிதங்களையும்தான் ஏற்றலாம். எதிரிக்குக் கேட்டுவிடும் என்று வானொலியில் பேச்சே கிடையாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. எங்கட கடலோடிகளுக்கு இந்தக் கணக்கு நல்லாவே விளங்கும்!

ஒரு பயணத்துக்கு 27 மணித்தியாலத்துக்கு மேலே எடுக்கும், சில நேரம் 32ஐயும் தாண்டும். ஏறியவர்கள் வானத்திலேயே இரண்டு சூரியோதயம் கண்டார்கள். அதனால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பேரும் வந்தது. 1945 ஜூலை வரை 271 தடவை இப்படிக் கடந்தார்கள். ஒரு உயிரும் போகவில்லை. அந்தக் கால இயந்திரங்களை நினைத்தால் எங்களுக்கு இப்பவும் நம்பக் கஷ்டம்தான்.

இனி எங்கட றோட்டுக்கு வருவோம். ஜித்தாவில் இருந்து கட்டுநாயக்கா 4,600 கிலோமீற்றருக்கு மேலே. 1990இல் ஹஜ்ஜை முடித்த காத்தான்குடி ஹாஜிமார் அவ்வளவு தூரத்தையும் வானத்தில் சுகமாகக் கடந்து வந்தார்கள். மிச்சம் இருந்தது தரைவழி. கல்முனையில் இருந்து காத்தான்குடிக்கு முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர், இன்றைக்கு ஒரு மணித்தியாலம் எடுக்காத பாதை. ஜூலை 12ஆம் திகதி குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் அவர்களையும், கூட வந்த வியாபாரிகளையும் மற்றவர்களையும் மறித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அறுபது பேருக்கு மேலே.

மட்டக்களப்பு விமான நிலையம் 2016இல் சிவில் சேவைக்குத் திறக்கப்பட்டது. எங்கட ஊரார் இன்னும் ராப் பஸ்ஸில்தான் கட்டுநாயக்காவுக்குப் போகிறார்கள். காத்தான்குடிக் குடும்பங்களோ குருக்கள்மடத்து மண்ணைத் தோண்டி, ஜனாஸாக்களை எடுத்துவந்து ஊரில் அடக்கித் தரும்படி பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.