ஊரகத்துத் தராசு

டெரிவேட்டிவ் என்றதும் மொபைல் திரையில் ஏறி இறங்கும் சிவப்பும் பச்சையும்தான் ஞாபகம் வரும். ஆனா அந்த ஒப்பந்தத்துக்குன்னு சொந்தமா ஒரு மதிப்பு கிடையாது. தங்கம், வெள்ளி, பங்குக் குறியீடு, வட்டி விகிதம் என வெளியே இருக்கும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதற்குப் பெயர் அடிப்படைச் சொத்து. என்ன எடை, என்ன மாற்று, யார் சொல்லும் விலை என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை.

சரி, இதுக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?

உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டில், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு செப்பேடு எழுதப்பட்டது. இன்று சென்னை அருங்காட்சியகத்தின் பெயரால் அறியப்படுகிறது. கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சியில், ஊரகத்துப் பெருமாளின் பொன் நெசவாளர் குடியிருப்புகளிடம் முதலாக இருந்தது. முதல் கரையாது; வட்டியில் கோயில் செலவு நடக்கும். ஊரின் கோல்நிறை கூலியும் கால் அளவு கூலியும், அதாவது நிறுப்பதற்கும் அளப்பதற்குமான கட்டணம், அதே பெருமாளுக்குத்தான். இதை டெரிவேட்டிவ் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வேண்டிய அஸ்திவாரம் இங்கே இருக்கிறது: எல்லோரும் நம்பும் ஒரு தராசு.

பிற்காலத்தில் அந்தத் தராசு ஊரைவிட்டுப் போனது. 1919இல் லண்டனில் ஐந்து நிறுவனங்கள் கூடித் தங்கத்துக்கு விலை குறிக்கத் தொடங்கின. இந்தியாவில் 1962இல் தங்கத்தின் முன்பேர வணிகம் தடை செய்யப்பட்டது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1990இல் அது நீங்கியது. 2003இல் எம்சிஎக்ஸ் தொடங்கியபின் தங்கம் மறுபடி முன்பேரச் சந்தைக்கு வந்தது. அங்கே பெரிய தங்க ஒப்பந்தம் 1 கிலோ, வெள்ளி 30 கிலோ.

காஞ்சித் தறிக்கு வருவது ஜரிகை. பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. வெள்ளி ஏறினால் ஜரிகை ஏறும், ஆனால் அதே அளவில் ஏறாது. உள்ளே பட்டு இருக்கு, செம்பு இருக்கு, கூலி இருக்கு. ஒப்பந்தத்தின் அடிப்படைச் சொத்து ஒன்று, கையில் இருக்கும் சரக்கு வேறொன்று. இந்த இடைவெளியைத்தான் சந்தைக்காரர்கள் பேசிஸ் ரிஸ்க் என்கிறார்கள்.

கல்யாணச் சேலைக்கு இன்று விலை பேசி முன்பணம் வாங்குகிறார்கள். வேலைப்பாட்டைப் பொறுத்து அது தறியிலிருந்து இறங்க வாரக்கணக்கில் ஆகும். நடுவில் வெள்ளி ஏறினால்? 30 கிலோ ஒப்பந்தம் பெரிய வியாபாரிக்குக் கேடயம். சிறிய அளவு ஒப்பந்தங்களும் இருக்கு. அதற்கும் கணக்கு, முன்வைப்புத் தொகை, தினசரி நஷ்டத்தைத் தாங்கும் பணம் எல்லாம் வேணும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளியிடம் அது ஏது? விலை ஏறி ஜரிகை வராமல் போனால், அவர் தறி சும்மா நிற்கும்.

ஆயிரம் வருடம் முன்பு கோயில் பொன்னை நம்பிக் கொடுத்தது இந்த ஊர்த் தறிக்காரர்களிடம்தான். இன்று அவர்கள் பிழைப்பைத் தீர்மானிக்கும் விலை வேறெங்கோ குறிக்கப்படுகிறது. அதன் ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பிக்கும் வழி மட்டும் தறிக்குழி வரை இன்னும் வந்து சேரவில்லை.