நாலணாச் சந்தாவும் இரண்டாயிரம் கெஜ நூலும்



நாட்டு விடுதலை வரலாற்றைப் படிக்குங்கால் பெருந்தலைவர்களின் பேச்சும், சிறைவாசமும், ஊர்வலமும் நம் நெஞ்சில் நிற்கின்றன. அப்பேச்சுக்கு மேடை போட்டவர் யார், ஊர்வலத்துக்கு ஆள் திரட்டியவர் யார், அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. ஊர்தோறும் இருந்த காங்கிரஸ் கமிட்டிகளில் மாதாமாதம் நடந்த சிறு வேலைகளே அவ்வினாவுக்கு விடை. ரசீது கிழித்தல், பெயர்ப் பதிவேடு எழுதுதல், சந்தா தண்டுதல், கூட்ட நடவடிக்கை வாசித்தல், மேற்கமிட்டிக்குக் கணக்கு அனுப்புதல் ஆகிய இவற்றைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் எக்கட்சியிலும் சேர்தல் விதிப்படி ஆகாது. ஆதலின் இதனைக் கட்சிக் கட்டுரை என்று எண்ணாமல், கணக்குக் கட்டுரை என்றே அன்பர்கள் கொள்வார்களாக.

1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் முதன்முதல் கூடியபோது வந்திருந்த பிரதிநிதிகள் 72 பேர். அதன்பின் பல்லாண்டுகள் அச்சபை பெரும்பாலும் ஆண்டிறுதியில் சில நாள் கூடிக் கலையும் பெருங்கூட்டமாகவே இருந்தது. தேர்த்திருவிழா முடிந்ததும் தேர் நிலைக்கு வந்து, மறு ஆண்டு வரையில் கொட்டகையில் நிற்பது போன்றது அந்நிலை. படித்தவர், வழக்கறிஞர், செல்வர் ஆகியோர்க்கே அதில் இடம் மிகுதி. உழவனும் கைத்தொழிலாளியும் அதற்குள் நுழையும் வாயில் எளிதாக இல்லை.

அவ்வாயிலைத் திறந்தது நாம் இன்று குடியிருக்கும் இந்நாகபுரியே என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1920 டிசம்பரில் இங்கே கூடிய காங்கிரசில் 14,000 பேருக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கலந்துகொண்டனர். அம்மாபெரும் சபைக்குத் தலைமை தாங்கியவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார் என்னும் தமிழர். 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என விடுதலை பெற்ற வீரர் அவர். அவர் தலைமையில், காந்தியடிகள் முயன்று வகுத்த புதிய அமைப்பு விதிகள் நிறைவேறின.

அவ்விதிகளின் சாரம் இது. காங்கிரசின் குறிக்கோளை எழுத்து மூலம் ஏற்று ஆண்டுக்கு நாலணா செலுத்துவோர், ஆணாயினும் பெண்ணாயினும், உறுப்பினர் ஆகலாம். நாலணா என்பது 48 தம்பிடி. மாதக் கணக்கில் நாலு தம்பிடிதான். ஊர்க் கமிட்டிக்கு மேல் தாலுகா, அதற்கு மேல் ஜில்லா, அதற்கு மேல் மாகாணம், உச்சியில் 350 பேர் கொண்ட அகில இந்தியக் கமிட்டி, அன்றாடக் காரியங்களை நடத்த 15 பேர் கொண்ட காரியக் கமிட்டி என்று படிப்படியாக ஏணி அமைந்தது. 50,000 மக்களுக்கு ஒரு பிரதிநிதி வீதம் ஆண்டு மகாசபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பலாயினர். ஆங்கிலேயர் கோடு கிழித்த மாகாணங்களை விடுத்து, மொழி பார்த்து 21 காங்கிரஸ் மாகாணங்களும் வகுக்கப்பட்டன. தமிழருக்குத் தனி மாகாணக் கமிட்டி கிடைத்தது. நாகபுரி, மராத்தி பேசும் மத்திய மாகாணத்தின் தலைமையிடம் ஆயிற்று. மாகாணக் கமிட்டிகளின் நடவடிக்கை அந்தந்த மாகாண மொழியிலேயே நடைபெறும் என்று 1925இல் கான்பூர்க் காங்கிரஸ் விதித்தது. தாய்மொழி மட்டும் அறிந்தவனும் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்க இடம் பிறந்தது. இது சிறிய நன்மையன்று.

விதி எழுதுவது எளிது. அதனை வீடு வீடாகக் கொண்டு செல்வதே அரிது. 1921 மார்ச் இறுதியில் பெஜவாடாவில் கூடிய அகில இந்தியக் கமிட்டி, ஜூன் 30க்குள் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய், ஒரு கோடி உறுப்பினர், 20 லட்சம் இராட்டை என்று இலக்கு வைத்தது. ரூபாய் கோடியைத் தாண்டியது. உறுப்பினர் தொகையோ கோடியை எட்டவில்லை. இதில் ஓர் உண்மை விளங்கும். செல்வர் சிலர் மனம் வைத்தால் பெருந்தொகை விரைவில் சேர்ந்துவிடும். நாலணா உறுப்பினரைச் சேர்க்கவோ, ஒவ்வொரு திண்ணையிலும் ஏறி, ஒவ்வொருவருக்கும் விளக்கி, கையொப்பம் வாங்கி, ரசீது கொடுத்தாக வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

அடுத்து வந்தது நூற் சந்தா. 1924 ஜூனில் ஆமதாபாத்தில் கூடிய கமிட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் தம் கையால் நூற்று அனுப்புமாறு தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் காந்தியடிகள் தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸ், பொது உறுப்பினர்க்கும் நாலணாவை நீக்கி, ஆண்டுக்கு 24,000 கெஜம் நூலையே சந்தாவாக்கியது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 66 கெஜம். ஊர்க் கமிட்டிச் செயலாளர் காசுக்குப் பதிலாக நூற்சிட்டத்தைப் பெற்று, அளவும் நயமும் பார்த்து, பெயரெழுதிப் பதிந்து மேலே அனுப்ப வேண்டியவரானார்.

இதன் உட்கருத்து உயர்ந்தது. செல்வனிடம் காசு உண்டு, ஏழையிடம் இல்லை. உழைப்போ இருவரிடமும் உண்டு. ஆகவே உழைப்பையே சந்தாவாக்கினால் இருவரும் சமம். ஆயினும், தாம் நூற்க மனமில்லாதோர் பிறர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம் என்ற விலக்கும் விதியிலேயே இடம் பெற்றது. மாதாமாதம் நூல் தருவோர் அருகினர். உறுப்பினர் தொகை பெரிதும் சுருங்கியது. 1925 செப்டம்பரில் பாட்னாவில், ஆண்டுக்கு நாலணா அல்லது தாமே நூற்ற 2,000 கெஜம் நூல் என்று விதி தளர்த்தப்பட்டது. ஒரு மாதத்து அளவே ஓராண்டுக்குப் போதுமாயிற்று! நூற்பில் ஊன்றியவர்க்கு அகில பாரத சர்க்கா சங்கம் தனியே தோன்றியது.

நூற் சந்தா அருமையால் தளர்ந்தது. நாலணாச் சந்தா எளிமையால் கெட்டது. 1937இல் மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தபின், பதவி நாடி வந்தோர் பெருகினர். கமிட்டித் தேர்தலில் வெல்ல வேண்டிப் பிறர் சந்தாவைத் தாமே கட்டிப் பதிவேட்டில் பொய்ப் பெயர்களை ஏற்றினர். 1934இலேயே காங்கிரசை விட்டு விலகி நாலணா உறுப்பினராகவும் இல்லாதிருந்த காந்தியடிகள், இப்போலி உறுப்பினர் கேட்டைத் தம் ‘ஹரிஜன்’ இதழில் வன்மையாகக் கண்டித்தார். பதிவேட்டில் ஒரு பொய்ப் பெயர் ஏறினால் மெய்யான உறுப்பினன் ஒருவனின் வாக்கு மதிப்பிழக்கிறது. நாலணா சிறிது, அதனால் பெற்ற உரிமையோ பெரிது. களவு போனது அவ்வுரிமையே.

1957இல் நாலணா 25 நயா பைசா ஆயிற்று. 2011இல் அந்நாணயமும் செலாவணியினின்று நீங்கியது. ஆயினும் அது கற்பித்த பாடம் செல்லாக்காசு ஆகவில்லை. எந்தச் சபைக்கும் உயிர்நிலை அதன் உறுப்பினர் பதிவேடு. சந்தா செலுத்துபவன் கேள்வி கேட்பான். கேள்வி கேட்பவன் உள்ள இடத்தில் கணக்கு நேராக இருக்கும். ஒருவரே எல்லார்க்கும் சந்தா கட்டினால், சபையும் அவருடையதே ஆகிவிடும்.

நம் காலனித் தமிழ்க் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விழைவதும் இதுவே. ஆண்டு விழாவுக்குத் திரளாக வருகின்றோம். மாதக் கூட்டத்துக்கோ நாற்காலிகள் காத்திருக்கின்றன. சந்தாவை யாரேனும் ஒரு செல்வர் மொத்தமாகக் கட்டிவிட்டால் என்ன என்று அவ்வப்போது ஒரு பேச்சும் எழுகின்றது. அன்பர்களே, அது வேண்டா. சிறு தொகையாயினும் வீட்டுக்கு வீடு கொடுத்து ரசீது பெறுவோம். தாய்மார்களும் தம் பெயரிலேயே உறுப்பினர் ஆகட்டும். திங்கள்தோறும் வாசிக்கப்படும் வரவு செலவை அமர்ந்து கேட்போம். ஐயம் இருப்பின் எழுந்து கேட்போம். சேலத்துத் தமிழர் தலைமையில் நாலணா விதி பிறந்த ஊரில் வாழும் நமக்கு இது தக்க கடமையாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!