வைத்தியசாலைக்குள் வந்த நாய்

பிள்ளையின் அச்சத்தை வைத்தியத்துறை ஒரு நோவாக ஏற்றுக்கொண்டது மிகவும் பிந்தித்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில் அனுமதிக்கப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் விரும்பியபோது பார்க்க முடியாது. தாய் வந்துபோனால் பிள்ளை அழும், விடுதியின் ஒழுங்கு கெடும் என்பது அன்றைய நியாயம். இரண்டு வயதுச் சிறுமியொருத்தி வைத்தியசாலையில் தாயைப் பிரிந்து கழித்த எட்டு நாட்களை ஜேம்ஸ் ரொபர்ட்சன் படமாக்கி 1952இல் காட்டியபோது, பார்த்திருந்த வைத்தியர்கள் பலர் அவர்மீதே சீறினார்கள். தாய் தந்தையரைத் தடையின்றி அனுமதிக்கும்படி பிளாட் அறிக்கை பரிந்துரைத்தது 1959இல். ரொபர்ட்சனோடு பணியாற்றிய ஜோன் போல்பியின் பெயரை ஆசிரிய கலாசாலையில் பரீட்சைக்காக மனனம் செய்தவர்களில் நானும் ஒருவன். ஆனால், அதே தசாப்தத்தில் நியூயோர்க்கில் ஒரு நாய் செய்த காரியத்தை எமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

போரிஸ் லெவின்சன் யெஷிவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். 1953இல் ஒருநாள், எவரோடும் ஒட்டாமல் தன்னுள் ஒடுங்கிப்போன சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அவரிடம் அழைத்து வந்தனர். பல காலம் சிகிச்சை பெற்றும் பலன் காணாத பிள்ளை. குறித்த நேரத்துக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டதால், லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அவருடைய காலடியிலேயே கிடந்தது. அது எழுந்தோடிப் பிள்ளையை நக்கியது. பிள்ளை பயந்து விலகவில்லை, அணைத்துக்கொண்டது. பின்வந்த சந்திப்புகளில் அவன் முதலில் நாயோடு விளையாடினான், பிறகுதான் வைத்தியரையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டான். லெவின்சனின் திறமை, நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் குறித்து வைத்துக்கொண்டதில் இருக்கிறது. 1961இல் அமெரிக்க உளவியலாளர் மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது சபையில் சிரிப்பு எழுந்ததாகவும், கட்டணத்தில் நாய்க்கு எத்தனை வீதம் என்று கேட்டுக் கேலி செய்ததாகவும் சொல்வார்கள். அவர் அசரவில்லை. 1962இல் நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்றே அழைத்துக் கட்டுரை எழுதினார். 1969இல் அது நூலாக விரிந்தது.

நோயாளிக்கு விலங்கின் துணை நல்லது என்ற எண்ணம் அவரோடு பிறந்ததல்ல. 1796இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் திறக்கப்பட்ட மனநோயாளர் இல்லத்தில் முயலும் கோழியும் வளர்ந்தன. புளோரன்ஸ் நைட்டிங்கேலும் தாதிமை பற்றிய தமது நூலில் சிறு வளர்ப்புப் பிராணியை நோயாளியின் நல்ல தோழன் என்று கண்டார். 1976இல் எலைன் சிமித் என்ற தாதி நியூஜேர்சியில் சிகிச்சை நாய்களுக்கென அமைப்பொன்றைத் தொடங்கிய பிறகு, வைத்தியசாலைக்கு நாய் போவது ஒழுங்குள்ள சேவையாயிற்று. குணம் சோதிக்கப்பட்ட நாய், பயின்ற உடைமையாளர், தடுப்பூசி, தொட்டபின் கை கழுவுதல் என்று விதிகள் வந்தன.

சிரித்த சபைக்கு அளந்து பதில் சொல்ல மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1997இல் மூன்று முதல் ஆறு வயதுடைய 23 பிள்ளைகளை, நாய் அருகிலிருக்க ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் பரிசோதித்தார்கள். நாய் இருந்தபோது இதயத்துடிப்பும் குருதி அமுக்கமும் கூடுதலாகத் தணிந்தன. 1999இல் 34 பிள்ளைகளிடம் செய்த ஆய்விலோ நடத்தையில் பதற்றம் குறைந்தது, உடல் அளவீடுகளில் வேறுபாடு தெரியவில்லை. 2001இல் பல் வைத்தியரின் நாற்காலியில் இருந்த 40 பிள்ளைகளிடம் பொதுவாகப் பயன் காணப்படவில்லை. ஆனால், வரும்போதே பயமாக இருக்கிறதென்று வாய்விட்டுச் சொன்ன பிள்ளைகளுக்கு, வைத்தியரை எதிர்பார்த்திருந்த அந்த நேரத்தில் நாய் உதவியது. எனக்கு இம்முடிவுதான் எல்லாவற்றிலும் உண்மையாகப் படுகிறது. ஊசியைவிட ஊசிக்காகக் காத்திருப்பது கொடிது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். 2015இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் குருதி எடுக்கப்பட்ட 50 பிள்ளைகளிடமும் நாயால் கலக்கம் குறைந்தது. ஆனால், வலி குறைந்ததென்று அவர்கள் சொல்லவில்லை. 2025இல் வெளியான இந்தியானாபொலிஸ் ஆய்வில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 80 பிள்ளைகளில் பாதிப்பேரிடம் நாய் பத்து நிமிடம் இருந்தது. அவர்களில் 46 வீதத்தினருக்கும் மற்றவர்களில் 23 வீதத்தினருக்கும் பதற்றம் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது.

இவ்வளவும் சொன்னபின், நாயா என்று வாசகர் முகஞ்சுளிப்பது எனக்குத் தெரிகிறது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு நாயின் எச்சில் கடும் நஜீஸ். பட்ட இடத்தை ஏழு தடவை, அதிலொன்று மண் கலந்து கழுவ வேண்டும். மாலிக்கி மத்ஹபின் நிலைப்பாடு வேறு. சட்டத்தீர்ப்பு உலமாக்களுடையது, நான் அதற்குள் கால்வைக்கவில்லை. ஆனால், அசுத்தம் வேறு, வெறுப்பு வேறு. குகைவாசிகளோடு கிடந்த நாய் சூரத்துல் கஹ்பில் இடம்பெறுகிறது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. பக்தாதின் இப்னுல் மர்ஸுபான், ஆடை உடுத்த பலரைவிட நாய் மேலென்று சொல்ல ஒரு நூலே எழுதியவர். அவர் 921இல் மறைந்தார்.

மார்க்கத்தை விட்டாலும் நமது பிள்ளைகள் விடயத்தில் ஒரு தடை உண்டு. நாய்க்குப் பயந்த பிள்ளைகளை இவ்வகை ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. விசர்நாய்க்கடிக்கு அஞ்சி, கல்லெடுத்து விரட்டிப் பழகிய நமது ஊர்ப்பிள்ளைக்கு ஊசியோடு நாயும் வந்தால் பயம் இரண்டாகும். நாய் போகும் வைத்தியசாலைகளில் கதவைத் திறக்குமுன் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சம்மதம் கேட்கிறார்கள். வேண்டாமென்றால் நாய் திரும்பிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது நாயை அல்ல, அந்தக் கேள்வியைத்தான் என்று நான் கருதுகிறேன். எங்கள் பாடசாலைக்குத் தடுப்பூசி போட வரும் நாளில், யாரோடு வரிசையில் நிற்க விருப்பம் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்போது கேட்கிறோம். தாயைக் கேட்பவர்களுக்குத் தாயை அழைக்கிறோம். கூடுதலானோர் கேட்பது பக்கத்து மேசைக் கூட்டாளியைத்தான்.