உரிமம் என்னும் வேலி

'பொதுமக்கள் பாதுகாப்பு' - அமெரிக்க மாநிலங்களின் உளவியல் வாரியங்கள் தம் இருப்புக்குச் சொல்லும் நியாயம் இதுதான். 1945இல் கனெக்டிகட் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1977இல் மிசௌரியோடு ஐம்பது மாநிலங்களும் முடிந்தன. இடைப்பட்ட முப்பத்திரண்டு வருஷமும் மருத்துவர்களோடு எல்லைத் தகராறு. உளச்சிகிச்சை யாருக்குப் பாத்தியம் என்பதே வழக்கு. போலிகளிடமிருந்து சனங்களைக் காப்பது என்ற பேச்சும் தொழிலுக்கு வேலி போடுகிற காரியமும் சேர்ந்தே நடந்தன.

அந்தப் பேச்சுக்கு 2010இல் சோதனை வந்தது. நியூயார்க் லைசன்ஸ் பெற்ற ராணுவ உளவியலாளர் ஜான் லெசோ, 2002இல் குவாண்டநாமோவில் விசாரணை முறைகள் பற்றிய குறிப்பை எழுதியவர்களில் ஒருவர். முப்பது நாள் தனிமை, இருபது மணிநேர விசாரணை எல்லாம் அதில் உண்டு. இவை ஆபத்தானவை என்ற எச்சரிக்கையும் உண்டு. அவர்மீது புகார் போனது. மாநிலக் கல்வித் துறையின் ஒழுங்கு அலுவலகம் விசாரிக்கவே மறுத்தது: கைதியோடு அவருக்குச் சிகிச்சை உறவு இல்லை, ஆகவே அவர் செய்தது உளவியல் தொழிலே அல்ல! 2011இல் நீதிமன்றமோ, கேள்வி கேட்டவருக்கு வழக்காடத் தகுதியில்லை என்றது.

உளவியலாளர் என்பதால்தானே அவரை அங்கே உட்காரவைத்தார்கள்? அதிகாரத்துக்கு உதவும்போது அறிவு உளவியலாக இருக்கிறது; பொறுப்புக் கேட்டால் காணாமல் போகிறது. 2015இல் உளவியலாளர் சங்கம் இத்தகைய விசாரணைகளில் பங்கேற்கத் தடைத் தீர்மானம் போட்டது. ஆனால் லைசன்ஸைப் பறிக்கும் அதிகாரம் சங்கத்திடம் இல்லை, மாநிலத்திடம்தான்.

வேலி பயிரை மேயுறது பழைய கதை. இங்கே எது பயிர்னு தீர்மானிச்சதே வேலிதான்.